தோட்டத்துக் கொட்டாய்: தகரமா, கல்லா, கீற்றா?

எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது ரெடிமேட் தகரக் கொட்டகை. இணையத்தில் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியது. இரண்டு நீள அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இட்லியை முடித்துவிட்டு உட்கார்ந்தோம். வீட்டுக்காரரும் நானும் மாறி மாறித் திருகாணி முடுக்கி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு நிறுத்திவிட்டோம். தரையில் அடித்து இறுக்க நாலு முளை கொடுத்திருந்தார்கள். நாங்கள் இருப்பது வேலூர் சத்துவாச்சாரியில், மலையடிவாரத்தை ஒட்டி. ஒரு சாண் தோண்டினால் பாறை. சுத்தியலால் இரண்டு போடு போட்டதும் முளை வளைந்துகொண்டது. சரி, உள்ளே சாமான் வைத்தால் அந்தக் கனத்துக்கே நிற்கும் என்று விட்டுவிட்டோம்.

மே மாதம் ஒரு சாயந்திரம், அனல் அடித்து ஓய்ந்த நேரத்தில் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் காற்று. வாசலில் உட்கார்ந்திருந்த அத்தைதான் முதலில் பார்த்தார். “கொட்டாய் நடக்குதும்மா” என்றார். துணி எடுக்கிற அவசரத்தில் நான் காதில் வாங்கவில்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, கதவு தனியாகக் கழன்று, மொத்தமும் பப்பாளி மரத்தின்மேல் சாய்ந்துகிடந்தது. மண்வெட்டியும் உரச் சாக்கும் மட்டும் வைத்த இடத்திலேயே இருந்தன, தலைக்கு மேல் ஒன்றும் இல்லாமல்.

தப்பு விற்றவர்மேல் மட்டும் இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கிற காற்று, எதிரே நிற்கும் சுவரில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 30 கிலோ கனத்தில் அழுத்தும். 8 அடி அகலம், 6 அடிக்குமேல் உயரம் உள்ள ஒரு பக்கத்துக்கு அது 140 கிலோவைத் தாண்டிவிடும். எங்கள் தகரக் கொட்டகையின் மொத்த எடை 60 கிலோகூட இருக்காது. சாமானின் கனம் தரைக்குத்தான் போனது, கொட்டகைக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு மாதம் விசாரித்தேன். வெல்டிங் பட்டறை, ஹாலோ பிளாக் போடும் இடம், பழைய மரக்கடை என்று ஒன்று விடவில்லை. நான் புரிந்துகொண்டது இதுதான்: எங்கள் ஊரில் தோட்டக் கொட்டகையைக் கெடுப்பது மழை இல்லை. காற்று, வெயில், கரையான், இந்த மூன்றும்தான். அதனால் சுவர் எதனால் ஆனது என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, தரை எப்படி, கூரையை எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டால் போதும். எல்லோரும் சுவரில் இருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

கடைக்குப் போகும் முன்

முதலில் ஒரு காகிதத்தில் உள்ளே என்னென்ன போகும் என்று எழுதிவிடுங்கள். மண்வெட்டி, கடப்பாரை, களைக்கொத்து, ஹோஸ் பைப், காலித் தொட்டி, தேங்காய்நார்க் கழிவு மூட்டை: இவ்வளவுதான் என்றால் கொட்டகையே வேண்டாம். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இடத்துக்கு ஒரு கம்பிவலைக் கதவு போட்டால் வேலை முடிந்தது. செலவு 5,000 ரூபாய்க்குள் அடங்கும். இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. கொட்டகை என்று ஒன்று தனியாக நின்றால்தான் தோட்டம் வைத்திருக்கிற பெருமை.

விதை வைப்பீர்களா என்பது அடுத்த கேள்வி. நான் அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரி விதையை வருடா வருடம் எடுத்து வைக்கிற ஆள். 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு கேட்டு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள். விதைச் சேமிப்புக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: வெப்பம் 5 டிகிரி கூடினால் விதையின் ஆயுள் பாதியாகும். விதைக்குள் இருக்கும் ஈரப்பதம் 1 சதவீதம் கூடினாலும் அப்படியே. கத்திரி வெயிலில் வெளியே 42, 43 டிகிரி போகிற ஊரில், தகர அறைக்குள் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. விதை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும், ஜாடியில் ஒரு கை சாம்பலோடு. பிரஷ் கட்டருக்கு வாங்கிய பெட்ரோலும் சூடேறும் கொட்டகைக்குள் இருக்கக் கூடாது. பூச்சிமருந்து இருந்தால் பூட்டு அவசியம்.

இடம் பற்றி இரண்டு வார்த்தை. காம்பவுண்டு சுவரை ஒட்டிக் கட்டாதீர்கள்; இடையில் ஆள் நுழைகிற அளவுக்கு, இரண்டு அடியாவது விடுங்கள். இல்லாவிட்டால் அந்தச் சந்து பெருச்சாளிக்கும் பாம்புக்கும் பொதுவழி ஆகிவிடும். தென்னைக்குக் கீழே வேண்டாம். செப்டிக் டேங்க் மூடிமேல் வேண்டவே வேண்டாம். வீட்டு வரைபடத்துக்கு ஒப்புதல் வாங்கும்போது சுற்றிலும் விட்ட காலியிடத்தில் சுவர் எழுப்பினால் பின்னால் பதில் சொல்ல வேண்டி வரும். கல் வாங்கும் முன் மாநகராட்சியிலோ பஞ்சாயத்திலோ ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. கழற்றி எடுக்கக்கூடிய கொட்டகைக்கும் கட்டடத்துக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் தெரியும். எங்கள் வீட்டில் அத்தை கன்னி மூலைதான் என்று சொல்லிவிட்டார். கனம் அங்கேதான் இருக்க வேண்டுமாம். நல்ல வேளை, தண்ணீர் தேங்காத மேடும் அந்த மூலைதான். சாயந்திர வெயில் முழுக்க அதே மூலையில்தான் விழுகிறது என்பதை வாஸ்து கவனிக்கவில்லை.

கீற்றுக் கொட்டகை

வெயிலுக்கு இதை அடிக்க ஒன்றும் கிடையாது. அத்தையின் பிறந்த வீட்டு மாட்டுக் கொட்டாய் கரும்புச் சோகை வேய்ந்தது. மே மாதத்தில் மனிதர்களும் மாட்டோடு போய்ப் படுப்பார்கள் என்பார். சவுக்குக் கழி நாலு, மூங்கில், தென்னங்கீற்று, கயிறு. கூலியோடு 12,000 ரூபாய்க்குள் முடியும் என்றார்கள்.

ஆனால் கீற்று இரண்டு வருடம் தாங்கினால் அதிகம். அதற்குமேல் நைந்து கொட்டும். சவுக்குக் காலைக் கரையான் மண்மட்டத்தில்தான் அரிக்கும். மேலே பார்த்தால் மரம் கெட்டியாக இருக்கும், தள்ளினால் ஒடியும். நுனியைக் கருக்கி, கழிவு ஆயில் தடவி நடுவது வழக்கம். அதனால் ஒரு வருடம் கூடக் கிடைக்கும், அவ்வளவுதான். தீபாவளி ராக்கெட் பக்கத்துத் தெருவில் இருந்து வந்து விழுகிற நெருக்கத்தில் வீடுகள் இருக்கும்போது கீற்று எனக்குச் சரிப்படவில்லை. ஊர்ப்புறத்தில், சொந்தத் தென்னை இருந்து, கீற்று பின்னத் தெரிந்த கை வீட்டிலேயே இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன். சவுக்குக்குப் பதில் கருங்கல் கால் நடுங்கள். கோட்டையைக் கருங்கல்லில் கட்டிய ஊர். வேலிக்கும் பந்தலுக்கும் கல்கால் நடுவது இங்கே புதிதில்லை. கல்லைக் கரையான் ஒன்றும் செய்யாது.

சீமை ஓடு

இதுதான் என் மனசுக்குப் பிடித்தது. பழைய வீடு இடிக்கிற இடங்களில் சீமை ஓடும் பனஞ்சட்டமும் கிடைக்கின்றன. வைரம் பாய்ந்த பனையைக் கரையான் லேசில் தொடாது. ஓட்டுக்குக் கீழே காற்றோட்டம் இருப்பதால் உள்ளே இதமாக இருக்கும். மரக்கடையில் ஓட்டைக் கையில் எடுத்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, கணீரென்று சத்தம் வந்ததைத் தனியாக அடுக்கியும் வைத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் வீட்டுக்காரர் ஒரே வார்த்தையில் முடித்தார்: “குரங்கு.”

மலையில் இருந்து குரங்குக் கூட்டம் இறங்காத வாரம் எங்கள் தெருவில் கிடையாது. மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடியையே கழற்றுகிற சாமிகள், ஓட்டை விட்டுவைப்பார்களா? குரங்கு வராத இடத்தில் இருப்பவர்கள் தாராளமாகப் போடலாம். சரிவு மட்டும் நன்றாக, 30 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சரிவு குறைந்தால் சாரல் ஓட்டுக்கு அடியில் ஏறிவிடும். அதற்கு நடுமுகடு உயர வேண்டும், சட்டமும் கூட வேண்டும். சின்னக் கொட்டகைக்கு அந்தச் செலவு கொஞ்சம் அதிகம்தான்.

ஆஸ்பெஸ்டாஸ்

வேண்டாம். மலிவு, தகரம் அளவுக்குச் சுடாது என்பதெல்லாம் உண்மை. ஆனால் அதை அறுக்கும்போதும் துளை போடும்போதும் உடையும்போதும் பறக்கிற தூசு நுரையீரலுக்குப் போகிறது. எல்லா வகை ஆஸ்பெஸ்டாசும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. பழைய ஷீட்டைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்பார்கள். ஓரம் உதிர்ந்த பழைய ஷீட்தான் இருப்பதிலேயே மோசம். ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத சிமென்ட் ஷீட்டும் வருகிறது. வாங்குவதென்றால் அதைக் கேட்டு வாங்குங்கள்.

ரெடிமேட்: தகரமும் பிளாஸ்டிக்கும்

தகரத்தின் கதையை மேலே சொல்லிவிட்டேன். நியாயமாகப் பேசினால், கான்கிரீட் தளம் போட்டு, அதில் துளையிட்டு ஆங்கர் போல்ட் முடுக்கியிருந்தால் அது இன்றைக்கும் நின்றிருக்கும். அப்படியும் அதன் தகடு மெலிசு. ஒரு தேங்காய் மட்டை விழுந்தால் பள்ளம்.

பிளாஸ்டிக்கில் வருவது துருப்பிடிக்காது, கரையான் அரிக்காது, பார்க்க அழகு. எனக்கு வேண்டிய 6 அடிக்கு 8 அடி அளவில் 60,000 ரூபாய்க்குக் குறைந்து நான் பார்த்த வரையில் இல்லை. எனக்கு இருந்த பயம் வெயில்தான். இந்த ஊரில் பிளாஸ்டிக் நாற்காலியை வெளியே விட்டால் நாலே வருடத்தில் வெளிறி, உட்கார்ந்தவரோடு கால் ஒடிவதைப் பார்த்தவள் நான். கொட்டகைக்குப் போடுவது அதைவிட நல்ல பிளாஸ்டிக்காக இருக்கலாம். ஆனால் ஒரு பலகை கெட்டால் அதே அளவுப் பலகை தனியாகக் கிடைக்குமா என்று கேட்டதற்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.

பஃப் பேனல் என்று இரண்டு தகட்டுக்கு நடுவே நுரை வைத்து வருகிறதே, அது வெயிலுக்கு மிக நன்று. ஆனால் இவ்வளவு சின்ன அளவுக்கு லாரி வாடகையே விலையைத் தூக்கிவிடுகிறது. எனக்குச் சொன்னது 70,000-க்குமேல். மண்வெட்டிக்கு ஏன் குளிர்சாதனம்?

கடைசிச் சுற்றுக்கு வந்த இரண்டு

மீதி நின்றது இரண்டு. ஒன்று, சதுரப் பைப்பில் சட்டம் அடித்து நாலு பக்கமும் கூரையும் கலர் ஷீட். இன்னொன்று, ஹாலோ பிளாக் சுவர், மேலே கலர் ஷீட்.

முழு ஷீட் கொட்டகைக்குப் பட்டறையில் 38,000 சொன்னார்கள். ஹாலோ பிளாக்குக்கு மேஸ்திரியும் வெல்டரும் சேர்ந்து 50,000 ஆகும் என்றார்கள். இரண்டும் 2023 விலை, தரை உட்பட. வித்தியாசம் 12,000. அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது?

வேகம் என்று பார்த்தால் ஷீட்தான். பட்டறையிலேயே சட்டத்தை வெட்டி வைத்துக்கொண்டு வந்தால் இரண்டு நாளில் எழுப்பிவிடுவார்கள். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு யோசிக்கவே வேண்டாம், இதுதான். வெல்டு வைக்காமல் போல்டு போட்டுச் செய்யச் சொன்னால் காலி செய்யும்போது கழற்றி எடுத்துப் போகலாம். இடத்தையும் சாப்பிடாது. கரையானுக்கு வேலையே இல்லை.

வெல்டரிடம் பேசும்போது கவனிக்க வேண்டியது மூன்று. ஷீட்டின் கனம் முதலாவது. 0.35 மில்லிமீட்டரில் இருந்து 0.50 வரை வருகிறது. கண்ணால் பார்த்தால் தெரியாது. கூரைக்கு 0.50 என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். ஏணி சாத்தி ஒரு காலை வைத்தால் 0.35 ஷீட் அந்தக் காலின் அச்சை வைத்துக்கொள்ளும். இரண்டாவது, ஜி.ஐ. பைப்பில் வெல்டு வைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோகும். துரு அங்கேதான் ஆரம்பிக்கும். சாம்பல் தட்டிய அந்த இடங்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிரைமரும் பெயின்ட்டும் அடிக்காமல் மேலே ஷீட்டை மூடவிடாதீர்கள். மூன்றாவது ஸ்க்ரூ. கூரையில் ஸ்க்ரூ ஷீட்டின் மேட்டில் போக வேண்டும், தண்ணீர் ஓடுகிற பள்ளத்தில் போகக் கூடாது. அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் லேசாக அமுங்கினால் போதும்; பிதுங்கி வெளியே வந்துவிட்டால் இரண்டே கோடையில் வெடித்து ஒழுக ஆரம்பிக்கும். எங்களுக்கு வந்த தம்பி கெட்டிக்காரர்தான். ஆனாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அடித்த ஸ்க்ரூ எல்லாம் பிதுங்கித்தான் இருந்தது. “தம்பி, இது என்ன?” என்றேன். “டைட்டா இருக்கட்டும்கா, காத்துக்கு நல்லது” என்றார். ஏழு ஸ்க்ரூவை மாற்ற வைத்தேன்.

முழு ஷீட்டை நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் சூடு. மரமில்லாத மலை என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்வார்கள். அந்த மொட்டைப் பாறை பகலெல்லாம் காய்ந்து ராத்திரி பத்து மணிவரை அனல் விடும். நாலு பக்கமும் தகரம் என்றால் கொட்டகை அடுப்பாகிவிடும். பழைய கொட்டகையிலேயே ஒரே கோடையில் பூவாளியின் வாய் கோணிக்கொண்டது, நாற்றுத் தட்டு அப்பளம் மாதிரி நெளிந்துபோனது. மார்கழிக் காலையில் கூத்து நேர்மாறாக இருந்தது: ராத்திரி குளிர்ந்த தகரத்தின் உள்பக்கம் வியர்த்து, யூரியா சாக்கின்மேல் சொட்டியது. யூரியா ஈரத்தை இழுத்துக்கொண்டு கல்லாகி, கடப்பாரையால் உடைத்துத்தான் போட்டேன்.

ஹாலோ பிளாக் சுவரும் சூடாகத்தான் செய்யும், ஆனால் மெதுவாக. உள்ளே இருக்கும் வெற்றிடம் கொஞ்சம் தடுக்கும். முக்கியமாகக் கனம். 16 அங்குல நீளம், 8 உயரம், 6 அகலம் உள்ள கல் சுமார் 200 வேண்டியிருந்தது. சுவர் மட்டுமே 3 டன். காற்று வந்து தள்ளிப் பார்த்துவிட்டுப் போகட்டும். அலமாரி அடிக்க, கொக்கி மாட்ட, கடப்பாரையைச் சாத்திவைக்க ஒரு சுவர் இருக்கிறது. ஷீட்டில் ஆணி அடிக்க முடியாது.

மேலே ஷீட்டுக்குப் பதிலாகக் கடப்பா கல்லோ தளமோ போடலாமே என்று மேஸ்திரி கேட்டார். தளம் போட்டால் அது அறை; பிறகு அதற்கு மின்விளக்கு, அப்புறம் மின்விசிறி, கடைசியில் யாராவது உள்ளே குடிவந்துவிடுவார்கள். வேண்டாம் என்றேன்.

கட்டிய கதை

எதைத் தேர்ந்தெடுத்தாலும் தரைக்குக் கஞ்சத்தனம் கூடாது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போன அந்த வாரம், மலைத்தண்ணீர் எங்கள் தோட்டத்தில் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே நின்று போனது. அதை நினைவில் வைத்து, மண்மட்டத்தில் இருந்து ஒன்றரை அடி உயர்த்தினோம். கடகால் ஆழமாக எடுக்க வேண்டியே வரவில்லை. ஓரடியில் பாறை வந்துவிட்டது. கையால் தொட்டுப் பார்த்த மேஸ்திரிக்கு ஒரே சந்தோஷம், “கடவுளே போட்ட பேஸ்மட்டம்மா இது” என்றார். கருங்கல் அடுக்கி, உள்ளே கிராவல் கொட்டி, தண்ணீர் விட்டு இடித்து, மேலே 3 அங்குலம் கான்கிரீட். செம்மண் உள்ள இடமாக இருந்தால் கான்கிரீட் போடும் முன் கரையான் மருந்து அடித்துவிட வேண்டும். தரை வாசல் பக்கமாக ஓர் அங்குலம் சரிந்திருந்தால் கழுவிவிடச் சௌகரியம்.

மூலை சதுரமாக இருக்கிறதா என்று பார்க்க 6-க்கு 8 மாதிரி நல்ல அளவு கிடையாது. குறுக்கே நூல் பிடித்தால் சரியாக 10 அடி வர வேண்டும். மேஸ்திரி ஒரு குறுக்கை அளந்தார், 10 அடி 2 அங்குலம். மறு குறுக்கு 9 அடி 10. ஒன்றும் பேசாமல் ஒரு முளையை ஓர் அங்குலம் தள்ளி அடித்து, மறுபடி நூல் கட்டினார். மூன்றாவது தடவை இரண்டும் 10-இல் நின்றன. இந்தப் பத்து நிமிடத்தை விட்டுவிட்டால் கூரை ஷீட் கடைசியில் கோணலாக நின்று நம்மைப் பார்த்துச் சிரிக்கும்.

நான் கோட்டைவிட்டது வேறு இடத்தில். 6-க்கு 8 என்று மட்டும் சொன்னேன். உள் அளவா, வெளி அளவா என்று சொல்லவில்லை. மேஸ்திரி வெளி அளவாக எடுத்துக்கொண்டார், அவர்மேல் தப்பில்லை. அரையடிச் சுவர் இரண்டு பக்கமும் போக, உள்ளே மிஞ்சியது 5-க்கு 7. எங்கள் 8 அடி ஏணி உள்ளே குறுக்காகப் படுத்தால்தான் பிடிக்கிறது. அது படுத்துவிட்டால் நான் நிற்க இடமில்லை. இப்போது ஏணி வெளிச்சுவரில் கொக்கியில் தொங்குகிறது. ஷீட் கொட்டகையாக இருந்திருந்தால் இந்த ஓரடி மிச்சமாகியிருக்கும். 12,000 கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கூரைப் பிடிப்பு: நாலு மூலையிலும் கல்லின் ஓட்டைக்குள் 10 மில்லிமீட்டர் கம்பி இறக்கி, கான்கிரீட் ஊற்றி நிரப்பினோம். கம்பியின் அடி தளக் கான்கிரீட்டில் புதைந்திருக்கிறது. மேல்நுனி சுவருக்கு மேலே ஓரடி நீண்டிருந்தது. கூரைப் பைப்பை அந்தக் கம்பியோடு சேர்த்து வெல்டு வைத்தார் வெல்டர். பல இடத்தில் பைப்பைச் சுவர்மேல் வைத்து, இரண்டு சட்டிக் கலவையைப் பூசி முடித்துவிடுகிறார்கள். கூரையை மேலே தூக்குகிற காற்றுக்கு அது எந்த மூலைக்கு? கல் அடுக்கும்போதே கம்பியைப் பற்றிப் பேசிவிட வேண்டும். பிறகு பேசிப் பயனில்லை.

சரிவு பின்பக்கமாக, 6 அடிக்கு 9 அங்குலம். ஷீட் வெள்ளை நிறம். கடைக்காரர் நீலம்தான் எல்லோரும் எடுக்கிறார்கள் என்றார். எடுக்கட்டும், வெள்ளைதான் வெயிலைத் திருப்பி அனுப்பும். எதிரெதிர்ச் சுவர்களில் மேலே இரண்டிரண்டு ஜாலி வைத்து, உள்ளே அரை அங்குலக் கம்பிவலை. ஷீட்டின் மேடு பள்ளத்துக்கும் சுவருக்கும் நடுவே விழுகிற சந்தையும் வலை வைத்து அடைத்தோம், இல்லாவிட்டால் முதல் வாரமே குளவி கூடு கட்டிவிடும். கதவு 3 அடி, வெளிப்பக்கம் திறப்பது. இரண்டரை அடி போதும் என்பார்கள். தள்ளுவண்டியை ஒருமுறை தள்ளிப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

மேற்குச் சுவருக்கு இரண்டடி தள்ளி மூன்று கல்கால் நட்டு, கம்பி இழுத்து, ஆடியில் அவரை போட்டேன். தை வரைக்கும் சாயந்திர வெயில் சுவரில் படவில்லை. கோடையில் அவரை காய்ந்துவிடும். அப்போது விழுந்த தென்னை மட்டைகளைக் கூரைமேல் பரப்பி, கயிறு போட்டுக் கட்டிவிடுகிறோம். மழைக்கு முன் எடுத்துவிட வேண்டும், குப்பை தங்கி ஸ்க்ரூவைத் துருப்பிடிக்க வைக்கும். கூரையிலும் கீற்றுதான் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று அத்தைக்கு ஒரே சிரிப்பு.

மொத்தம் 53,400 ஆனது. சொன்னதைவிட அதிகம், கதவுக்குப் போட்ட பூட்டும் மேஸ்திரிக்குக் கொடுத்த வேட்டியும் அதில் அடக்கம். 11 கல் மிஞ்சியது. அதைப் பப்பாளிக்குச் சுற்றிப் பாத்தி கட்டியிருக்கிறேன். சாய்ந்த மரம் பக்கத்தில் துளிர்த்து, இந்த வருடம் காய்த்திருக்கிறது.